ஒன்ராறியோ 511: புறப்படுமுன் பார்க்க வேண்டியது, புறப்பட்ட பின் நம்பியிருக்கக் கூடாதது

பீற்றர்பரோவில் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் வேலைக்காக, கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து வாரத்தில் நான்கு நாட்கள், ஒரு வழிக்கு ஏறத்தாழ 120 கிலோமீற்றர் காரோட்டுகிறேன். 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே நியூகாசில் வரை சென்று, அங்கே வடக்கே திரும்பி 115ஆம் நெடுஞ்சாலையில் ஏறுவது என் வழக்கமான வழி. நவம்பர் நடுப்பகுதி தொடக்கம் ஏப்ரல் முதல் வாரம் வரை, அந்த வழியில் இன்று போகலாமா, போவதென்றால் எத்தனை மணிக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிக்க, கடந்த மூன்று பனிக்காலங்களாக ஒன்ராறியோ மாகாணப் போக்குவரத்து அமைச்சு நடத்தும் 511 என்ற வீதித் தகவல் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாகச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த உறவுக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் இந்தச் சேவை எப்படி என்று அண்மையில் கேட்டார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் சொன்ன பதில் அரைகுறையாக இருந்தது என்று எனக்கே பட்டதால், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சேவை இலவசமானது. 511 என்ற மூன்று இலக்கங்களை அழுத்திக் கேட்கலாம். இணையத்தளத்திலோ கைத்தொலைபேசிச் செயலியிலோ வரைபடமாகவும் பார்க்கலாம். தொலைபேசியில் கேட்பது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமாக இருக்கிறது. அவசரத்துக்கு அது போதும், ஆனால் ஒரு முழு வழியையும் காதால் கேட்டு மனத்தில் வைத்திருப்பது கடினம் என்பதால் நான் வரைபடத்தையே பார்க்கிறேன். வரைபடத்தில் நெடுஞ்சாலைகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் அன்றைய நிலைக்கும் ஏற்ப ஒரு நிறம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு துண்டைத் தொட்டால், தார் வெறுமையாகக் காய்ந்திருக்கிறதா, வெறுமையாக ஆனால் ஈரமாக இருக்கிறதா, பகுதியளவு பனி மூடியிருக்கிறதா, பனி இறுகிக் கிடக்கிறதா, பகுதியாகவோ முழுமையாகவோ ஐஸ் படிந்திருக்கிறதா என்ற விவரமும், முன்னால் தெரியும் தூரம் நல்லதா மோசமா என்பதும் வரும். விபத்துகள், மூடப்பட்ட வீதிகள், கட்டுமான வேலைகள், நெடுஞ்சாலைக் கமராக்களின் நிழற்படங்கள், பனி தள்ளும் வண்டிகள் இப்போது எங்கே நிற்கின்றன என்ற தகவல் ஆகியவையும் அதே வரைபடத்தில் உண்டு.

பனி தள்ளும் வண்டிகளின் இருப்பிடத்தைக் காட்டும் வசதியைப் பலர் விளையாட்டுப் பொருளாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது மிகவும் பயன்படுகிறது. காலை நாலே முக்கால் மணிக்குக் குசினியில் பிளேன்ரீயோடு நின்று பார்க்கும்போது, 115இல் ஒரு வண்டி வடக்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருப்பது தெரிந்தால், அரை மணி நேரம் பிந்திப் புறப்படுவதால், ஐஸை உருக்கப் போடும் உப்பு விழுந்த வீதி கிடைக்கும் என்று கணக்குப் போட முடிகிறது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வண்டிகள் நீல விளக்கு மின்ன, ஒன்றன் பின் ஒன்றாக வழி முழுவதையும் அடைத்துக்கொண்டு மெதுவாகப் போகும். பின்னால் மாட்டிக்கொண்டவர் முந்த நினைக்கக் கூடாது, ஏனெனில் அவர் முந்திச் சென்று சேரப்போவது இன்னும் துப்புரவு செய்யப்படாத வீதியில். ஆகவே வண்டிக்கு முன்னால் போகாமல், அதற்குப் பின்னால் ஓர் இருபது நிமிட இடைவெளி விட்டுப் போவதே என் வழக்கம்.

கமராப் படங்களைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவற்றைத்தான் எல்லோரும் முதலில் திறக்கிறார்கள், இவற்றையே தவறாகவும் வாசிக்கிறார்கள். இவை ஓடும் காட்சிகள் அல்ல. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை மாறும் நிழற்படங்கள். எனவே முதலில் படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பனி படிந்த வீதியைக் கமரா நன்றாகவே காட்டும்: சில்லுகள் போன தடம் இரண்டு கறுப்புக் கோடுகளாகத் தெரிகிறதா, அல்லது தடமே இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கிறதா, வீதியின் ஓரக்கோடு கண்ணுக்குத் தெரிகிறதா என்பவற்றிலிருந்து நிலைமையை ஊகிக்கலாம். ஈரமான வீதியில் எதிரே வரும் கார்களின் முன்விளக்கு நீளமாக இழுபட்டு, தாரின் மேல் வாள் போல மின்னும். ஆனால் மெல்லிய ஐஸ் படிந்த வீதியிலும் அதே வெளிச்சம் அதே மாதிரித்தான் மின்னுகிறது. தண்ணீருக்கும் ஐஸுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கமராவும் உங்களுக்குச் சொல்லித் தராது. கமராவில் தார் கறுப்பாகத் தெரிகிறது என்று நிம்மதியடைந்து புறப்படுகிறவருக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பிளாக் ஐஸ் என்று சொல்லும் படலம் உண்மையில் கறுப்பு நிறம் கொண்டதல்ல. அது குமிழிகள் அதிகம் இல்லாமல் மெல்லியதாக உறைந்த ஐஸ்; கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடுவதால் கீழே இருக்கும் தாரின் நிறத்தையே காட்டுகிறது. பகலில் உருகிய பனித் தண்ணீர் வீதிக்குக் குறுக்கே வழிந்து, இரவில் உறையும்போது இது உண்டாகும். முகில் இல்லாத இரவில் வீதிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுவதால், காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு ஒன்றிரண்டு பாகை மேலே இருக்கும்போதே தார் பூச்சியத்துக்குக் கீழே போய்விடக்கூடும். பாலங்களில் இது இன்னும் முந்தி நடக்கும். சாதாரண வீதிக்குக் கீழே நிலத்தின் சூடு இருக்கிறது, பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்றுத்தான் இருக்கிறது. இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு 511 தரும் சொற்களை வாசித்தால், மிக ஆபத்தான சொல் 'ஐஸ் மூடியது' என்பதல்ல என்பது விளங்கும். அந்தச் சொல்லைக் கண்டவர் வீட்டில் நிற்பார், அல்லது மெதுவாகப் போவார். 'வெறும் தார், ஈரமானது' என்ற சொல்லும், பூச்சியத்தைச் சுற்றி ஊசலாடும் வெப்பநிலையும் சேர்ந்து வரும் காலைதான் கவனிக்க வேண்டிய காலை. அந்தச் சொல் பொய்யல்ல. பார்த்த நேரத்தில் வீதி அப்படித்தான் இருந்திருக்கும். அது எப்போது பதியப்பட்டது, அதன் பிறகு வெப்பநிலை எந்தப் பக்கம் போனது என்பதை வாசிப்பவர்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீதி நிலையைச் சொல்லும் அதே வரியில், வீதிப்பரப்பின் வெப்பநிலையையும் ஓர் எண்ணாக, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்ற அம்புக்குறியோடு போட்டுவிட்டால், இந்தச் சேவையின் மதிப்பு என்னைப் பொறுத்தவரை இரட்டிப்பாகும். தாருக்குள் உணரி பதித்த வீதி வானிலை நிலையங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அமைச்சிடம் உள்ளன. எப்போது உப்புப் போடுவது என்பதைத் தீர்மானிக்க அவையே உதவுகின்றன. உப்புப் போடுகிறவருக்குத் தேவைப்படும் அந்த எண், அதே வீதியில் காரோட்டுகிறவருக்கும் தேவைப்படும் எண்தான்.

115ஆம் நெடுஞ்சாலையின் குணத்தை அறிந்தவர்கள் நான் ஏன் இந்த ஒரு பாகை, இரண்டு பாகை வேறுபாட்டைப் பெரிதாகப் பேசுகிறேன் என்பதை உடனே புரிந்துகொள்வார்கள். நியூகாசில் ஒன்ராறியோ ஏரியின் கரையோடு இருக்கிறது. அங்கிருந்து வடக்கே ஏறும் வீதி, ஓக் றிட்ஜஸ் மொறெய்ன் எனப்படும் நீண்ட மேட்டு நிலத்தைக் கடக்கிறது. பனியாறுகள் விட்டுச் சென்ற மணலும் பரலும் குவிந்து, மேற்கே நயாகரா எஸ்கார்ப்மென்ற் எனப்படும் செங்குத்துச் சரிவிலிருந்து கிழக்கே டிரென்ற் ஆறு வரை ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் மேடு அது. ஏரிக்கரையில் வெறும் மழையாக விழுவது மேட்டில், பட்ட இடத்திலேயே ஐஸாகிவிடும் உறைமழையாக விழுவதையும், இறங்கி அந்தப் பக்கம் போனால் பனியாக விழுவதையும் ஒரே மணி நேரத்துக்குள் நான் கண்டிருக்கிறேன். ரொறன்ரோவின் வானிலையைக் கேட்டுவிட்டுப் பீற்றர்பரோவுக்குப் புறப்படுவது, யாழ்ப்பாணத்தில் வெயில் அடிக்கிறது என்பதால் நுவரெலியாவுக்குச் சுவெற்றர் இல்லாமல் போவது போன்றது. இந்த இடத்தில் 511 உண்மையிலேயே கைகொடுக்கிறது: மேட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள துண்டுகளைத் தனித்தனியே காட்டுவதால், என் வழியின் நடுவில் மட்டும் நிறம் மாறியிருப்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. 2025 மார்ச் கடைசி வார இறுதியில் உறைமழை ஒரிலியா, பரி, பீற்றர்பரோ பகுதிகளின் மரங்களையும் மின்கம்பிகளையும் முறித்துப் போட்டபோது, ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தவருக்கு அதன் கடுமை விளங்கியிருக்காது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று ஞாயிறு இரவே அறிவித்துவிட்டேன்.

சென்ற தை மாதத்து அதிகாலை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னோடு காரில் வேலைக்கு வருபவர் 1989இலிருந்து இந்நாட்டு வீதிகளில் ஓட்டிப் பழகிய அண்ணர் ஒருவர். முந்தின நாள் மத்தியானம் நல்ல வெயில். வீதியோரப் பனிக்குவியல்கள் உருகி ஓடியிருந்தன. இரவு வானம் துடைத்து விட்டது போல இருந்தது. கார் காட்டிய வெளி வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகை. மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். வீதி ஈரம், ரயர்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் இரைச்சல் காருக்குள் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அந்த இரைச்சல் அடங்கியது. யாரோ கதவைச் சாத்தியது போன்ற அமைதி. நான் அதைக் கவனிக்கவேயில்லை. வீதி நன்றாகிவிட்டது என்றுகூட நினைத்திருப்பேன். அண்ணர் குரலை உயர்த்தாமல், "தம்பி, சத்தம் நிண்டுட்டுது. காலை எடுங்கோ. பிறேக் பிடியாதேங்கோ" என்றார். "ஓம் அண்ணை" என்று அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்ரியறிங் கையில் எடையே இல்லாமல், விளையாட்டுக் காரின் ஸ்ரியறிங் போலச் சுழன்றது. காரின் பின்பக்கம் ஒரு முழம் இடப்பக்கமாக நகர்ந்தது; பிறகு தானாகவே நேரானது. இருநூறு மீற்றர் போயிருக்க மாட்டோம், இரைச்சல் மறுபடியும் வந்தது. அந்த இருநூறு மீற்றரும் மேட்டை வெட்டி வீதி போட்ட ஒரு பள்ளத்தின் நிழலுக்குள் இருந்த இடம். பக்கத்துச் சரிவில் உருகிய தண்ணீர் வீதிக்குக் குறுக்கே வழிந்து உறைந்திருந்தது. அதை முன்கூட்டியே அறிவிக்கக் கூடிய சேவை எதுவும் உலகில் இல்லை, இருக்கவும் முடியாது. மாகாணம் முழுவதையும் துண்டு துண்டாக அறிவிக்கும் ஒரு சேவைக்கு, ஒரு துண்டுக்குள் இருக்கும் ஒரு நிழல் கண்ணில் படாது.

அன்றைக்குப் பிறகு அண்ணர் எனக்குச் சொல்லித் தந்த மற்ற அடையாளங்களையும் இங்கே எழுதுகிறேன், ஏனெனில் 511 முடியும் இடத்திலிருந்து இவைதான் தொடங்குகின்றன. பனிக்காலத்தில் காய்ந்த தார், உப்புப் படிந்து சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். மாகாணத்தின் சாரதிக் கைந்நூலும் இதையே சொல்கிறது. கறுப்பாகப் பளபளத்தால் சந்தேகப்பட வேண்டும். முன்னால் போகும் லொறியின் சில்லுகளிலிருந்து தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தால் அது தண்ணீர்; வீதி ஈரமாகத் தெரிந்தும் தெறிப்பது நின்றுவிட்டால் அது உறைந்துவிட்டது. பக்கக் கண்ணாடியின் ஓரத்திலும் வானொலிக் கம்பத்திலும் ஐஸ் பிடிக்கத் தொடங்கினால், விழுவது உறைமழை. வழுக்கக்கூடிய நாளில், வேகத்தைத் தானாகவே பிடித்து வைத்திருக்கும் குறூஸ் கொன்ற்றோலைத் தொடவே கூடாது.

வழுக்கும் வீதியில் நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் அண்ணர் பிறேக்கைத் தொடாதே என்று சொன்னதன் பொருள் விளங்கும். காய்ந்த தாரில் ரயரின் உராய்வுக் குணகம், அதாவது வீதியில் அதன் பிடிமானத்தைக் காட்டும் எண், 0.7 அளவில் இருக்கும். ஐஸில் அது 0.1 அளவுக்கு இறங்கிவிடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார், சாரதி சுதாரிக்க எடுக்கும் நேரத்தைச் சேர்க்காமலே, காய்ந்த தாரில் 14 மீற்றருக்குள் நின்றுவிடும். ஐஸில் அதற்கு 100 மீற்றர் வேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் 56 மீற்றருக்கும் ஏறத்தாழ 400 மீற்றருக்கும் உள்ள வேறுபாடு. அத்துடன், மிகக் குளிர்ந்த ஐஸைவிடப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். வெளியே கழித்தல் இருபது பாகை என்று அஞ்சுகிறவர்கள், கழித்தல் ஒரு பாகையில் வீதி எப்படி இருக்கும் என்று அஞ்சுவதில்லை.

சேவையின் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, பெரிதும் இதுவே: 511 மாகாண நெடுஞ்சாலைகளைப் பற்றியது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து நெடுஞ்சாலையின் ஏறுபாதை வரை உள்ள வீதிகள் நகரசபைகளின் பொறுப்பில் இருப்பவை; அவற்றின் நிலை இந்த வரைபடத்தில் வராது. என் 120 கிலோமீற்றரில் நகர வீதிகள் ஒன்பது கிலோமீற்றர்தான், ஆனால் பனிக்காலத்தில் என் இதயத் துடிப்பு கூடுவது பெரும்பாலும் அந்த ஒன்பதில்தான். எங்கள் வீட்டிலிருந்து 401க்குப் போகும் வழியில், ஹைலண்ட் கிரீக் ஓடைக்கு மேலாகச் செல்லும் ஒரு பாலம் இருக்கிறது. ஓடையின் ஈரக் காற்று மேலே எழுந்து பாலத்தின் மேல் உறைவதால், மற்ற வீதி எல்லாம் காய்ந்து கிடக்கும் காலையிலும் அந்த இடம் மட்டும் மெல்ல மினுங்கும். சிக்னல் சந்திகளிலும் அப்படியே: நின்று நின்று புறப்படும் வாகனங்களின் புகைக்குழாய் ஈரமும், சில்லுகள் சுற்றித் தேய்த்ததும் சேர்ந்து, நிற்கும் கோட்டுக்கு முன்னால் உள்ள சில மீற்றர்களைக் கண்ணாடியாக்கிவிடும். 511இல் வழி முழுவதும் நல்ல நிறம் காட்டுகிறது என்று வேகமாகப் புறப்படுகிறவர் தன் தெருவின் முதலாவது சந்தியிலேயே தவறக்கூடும்.

இரண்டாவது குறை சேவையுடையது என்பதைவிட, அதைப் பார்க்கிறவர்களின் எதிர்பார்ப்பிலுள்ளது. பெரிய நெடுஞ்சாலைகளைப் புயல் ஓய்ந்து எட்டு மணி நேரத்துக்குள் வெறும் தாராக்குவது மாகாணத்தின் அளவுகோல்; போக்குவரத்துக் குறைந்த நெடுஞ்சாலைகளுக்கு அது 16 மணி நேரம், 24 மணி நேரம் என்று நீளும். இந்த எண்கள் புயல் ஓய்ந்த நேரத்திலிருந்து தொடங்குகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பனி விழுந்துகொண்டிருக்கும்போதே வீதி சுத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள். உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. கழித்தல் 12 பாகைக்குக் கீழே போகப் போக அதன் வேகம் குறைந்துகொண்டே வரும். கடும் குளிரில் மணல் போட்டு ரயருக்குப் பிடிமானம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. உறைமழையிலோ, போட்ட உப்பை மழையே கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே வண்டி போய்விட்டது என்பதை வரைபடத்தில் பார்த்தாலும், அன்றைய வெப்பநிலையையும் மழையையும் சேர்த்தே அதற்கு மதிப்புப் போட வேண்டும்.

செயலியை வீதியில் பயன்படுத்துவது பற்றி ஒரு சொல். முன்னால் உள்ள விபத்து, தடை போன்றவற்றைக் குரலில் அறிவிக்கும் ஓட்ட முறை அதில் இருக்கிறது. புறப்படுமுன் அதை இயக்கிவிட்டுத் தொலைபேசியைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். கையில் தொலைபேசியோடு பிடிபட்டால் முதல் தடவையே ஆயிரம் டொலர் வரையான தண்டமும், மூன்று நாட்களுக்கு அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் உண்டு. ஐஸ் வீதியில் கமராப் படம் பார்ப்பவருக்கு அந்தத் தண்டம் குறைவு என்பது என் எண்ணம்.

மற்ற எச்சரிக்கைகளோடு ஒப்பிட்டால் 511இன் இடம் தெளிவாகும். கனடா சுற்றாடல் அமைச்சு விடுக்கும் உறைமழை எச்சரிக்கை, வரப்போவதைப் பற்றியது. முந்தின மாலையே அதைப் பார்த்து அடுத்த நாளைத் திட்டமிடலாம். 511 இப்போது இருப்பதைப் பற்றியது. புறப்படுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னர் பார்க்க வேண்டியது. காரின் முகப்பில் மூன்று அல்லது நான்கு பாகையில் மணி அடித்து எரியும் பனிப்பூ விளக்கு, உங்கள் காரைச் சுற்றியுள்ள காற்றைப் பற்றியது. அதன் உணரி முன்பம்பருக்குப் பின்னாலோ பக்கக் கண்ணாடிக்குக் கீழோ இருந்து காற்றை அளக்கிறதே தவிர வீதியைத் தொடுவதில்லை. கராஜுக்குள் நின்ற கார் முதல் சில நிமிடங்களுக்கு உண்மைக்கு மேலான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். நெரிசலில் ஊரும்போது இயந்திரத்தின் சூடும் அந்த எண்ணைக் கூட்டும். என் காரில் அந்த விளக்கு எரிந்தால், எண் எதுவாக இருந்தாலும் பூச்சியம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ரயரைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரி தொடக்கம் அதற்குக் காப்புறுதிக் கழிவு கொடுக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதி உண்டு. கேட்காதவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை, கேளுங்கள். ஒரு ரயர்க் கடைக்காரர், பெயர் வேண்டாம், 'எல்லாக் காலத்துக்கும்' என்று எழுதப்பட்ட ரயர் இங்கே போதும் என்று எனக்கு முதல் வருடம் விற்றுவிட்டார். ஏழு பாகைக்குக் கீழே அந்த இறப்பர் இறுகத் தொடங்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனிப்பூ பொறித்திருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அந்த ரயர் போட்டாலும் ஐஸ் ஐஸ்தான். மேலே சொன்ன 100 மீற்றர் சற்றுக் குறையும், அவ்வளவே. 511இல் நல்ல நிறம் கண்டு, நல்ல ரயர் போட்டு, அதனால் வேகமாகப் போனால் அந்தக் குறைந்த தூரமும் போய்விடும்.

ஐந்துக்கு நான்கு புள்ளிகள் கொடுப்பேன். ஒரு புள்ளியைக் குறைத்தது, வீதிப்பரப்பின் வெப்பநிலை வீதி நிலையோடு சேர்ந்து வராததற்காக. நகர வீதிகள் இல்லாததற்காக அல்ல, ஏனெனில் அது இந்தச் சேவையின் வேலையும் அல்ல. தூர இடங்களுக்கு அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள், இரவுப் பணி முடித்துத் திரும்பும் தாதியர், வார இறுதியில் ஒட்டாவாவுக்கோ மொன்றியலுக்கோ கலியாணத்துக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள், லொறி ஓட்டுகிறவர்கள் ஆகியோருக்கு இது மிகப் பயனுள்ளது. நகருக்குள்ளேயே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வருகிறவருக்கு அவ்வளவாகப் பயன்படாது. அவருக்கு வெளி வாசலில் சப்பாத்தால் இரண்டு தரம் தேய்த்துப் பார்ப்பதே நல்ல எச்சரிக்கை.

இப்போது நானும் அண்ணரும் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். நாலே முக்காலுக்கு நான் 511ஐப் பார்த்துவிட்டு அவருக்கு அழைப்பேன். அவர் தன் வீட்டு வாசலில் நின்று தார் வெள்ளையா கறுப்பா என்று சொல்வார். இரண்டும் ஒத்துப் போனால் ஐந்தேகாலுக்குப் புறப்படுவோம். ஒத்துப் போகாவிட்டால், "விடியட்டும் தம்பி" என்பார். அப்படிச் சொன்ன நாட்களில் இருவருமாக ஏழரைக்குப் புறப்பட்டு, மேட்டில் ஏறும்போது வானொலியை நிறுத்திவிட்டு ரயரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போகிறோம்.